சத்தத்துக்கு வரப்பு கிடையாது

(காஞ்சிபுரம் மாவட்டம் முசரவாக்கத்தில் ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தறிக்குழியிலிருந்து எழுந்து நேரே இங்கே வந்திருக்கும் நண்பர்களே, மேடை ஓரத்தில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருக்கும் மைக் செட் தம்பியே, எல்லாருக்கும் வணக்கம்.

தம்பியைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேடை ஏறும்போது அவரிடம், “கொஞ்சம் குறைச்சு வைப்பா, வந்து உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் கேட்டா போதும்” என்றேன். “அப்புறம் கூட்டம் நடக்குதுன்னு ஊருக்கு எப்படி சார் தெரியும்?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நாம் ஒலிபெருக்கி கட்டுவது கேட்க வந்தவருக்காகவா, வராதவருக்காகவா? இன்றைக்கு நான் பேசப்போவது வராதவரைப் பற்றி.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் காதுகுத்து. வாசலில் பந்தல், மாடியில் இரண்டு பெட்டி, தெருமுனைக் கம்பத்தில் ஒரு கூம்புக் குழாய். முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய பாட்டு மறுநாள் பந்தி முடியும்வரை நிற்கவில்லை. தெருவே நம் வீட்டு விசேஷத்தைக் கொண்டாடுகிறது என்று எனக்குப் பெருமை.

பக்கத்து வீடு நெசவாளர் வீடு. ஒரு வாரம் கழித்து அவர் கையில் ஒரு சேலையோடு வந்தார். கோர்வைச் சேலை. உங்களுக்குக் கோர்வையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெளியூரில் இதைப் படிக்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனியாக இரண்டு நாடா, ஆக மூன்று. நெய்கிறவர் ஒருவர், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா போடப் பக்கத்தில் இன்னொருவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் கை ஒத்துப்போக வேண்டும் என்றால் காதும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் ‘ம்’ என்றால் மற்றவர் கை நகரும்.

அவர் சேலையை விரித்துக் கரை சேரும் இடத்தில் விரலை வைத்தார். ஓர் அங்குல நீளத்துக்குக் கோர்வை பிசகியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆனால் கூலி கொடுக்கிறவர் சாய்த்துப் பிடித்துத்தானே பார்ப்பார்! “அண்ணே, இந்த ஒரு அங்குலம் உங்க வீட்டு விசேஷத்தன்னிக்கு நெய்தது. பக்கத்துல நாடா போடுறவ சொன்னது எனக்குக் கேக்கலே, நான் சொன்னது அவளுக்குக் கேக்கலே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கூலியில் பிடித்துக்கொண்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

“ஏம்பா, அன்னிக்கே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இன்று வரைக்கும் என்னை விடவில்லை. “நல்ல காரியம் நடக்குற வீட்ல வந்து எப்படிண்ணே சொல்றது?”

நண்பர்களே, சத்தத்தின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. அடுத்தவன் வரப்பை வெட்டினால் கேட்கிறோம். கழிவுநீரை நம் வாசலுக்குத் திருப்பினால் சண்டைக்குப் போகிறோம். சத்தம் வந்தால் மட்டும் வாய் எழுவதில்லை. வருவது சாமி பாட்டாக இருக்கும், கல்யாண மேளமாக இருக்கும், கட்சிக் கூட்டமாக இருக்கும். எதிர்த்துக் கேட்டால் சாமிக்கு விரோதி, நல்ல காரியத்துக்குத் தடை, கட்சிக்கு எதிரி. அதனால் அவதிப்படுகிறவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். கைக்குழந்தையும், மூச்சு வாங்கும் கிழவரும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். வாய் திறந்து சொல்ல முடியாதவர் சார்பில் சொல்வதற்குத்தான் விதி வேண்டியிருக்கிறது. பாட்டு பிடிக்காதவர்கள் எழுதிய விதி அல்ல அது.

விதி என்ன சொல்கிறது? இந்திய அரசு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒலி மாசு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. காலை 6 மணி முதல் இரவு 10 வரை பகல்; 10 முதல் 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. கடைவீதியில் 65, 55. தொழிற்பேட்டையில் 75, 70. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத இடத்தை மாநில அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்; அங்கே 50, 40. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அனுமதி வாங்கினாலும், பொது இடத்தின் எல்லையில் நின்று அளந்தால் அந்தப் பகுதிக்குரிய அளவைவிடப் பத்து டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. இரவு பத்துக்கு மேல் திறந்த வெளியில் கூடவே கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக வருடத்தில் மொத்தம் 15 நாள் மட்டும், நள்ளிரவு 12 வரை, மாநில அரசு விலக்குக் கொடுக்கலாம்.

இதில் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலக்கு பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான். விடியற்காலை நாலரை மணிக்கு விலக்கே கிடையாது. மார்கழியில் ஆறு மணிக்கு முன்னால் கம்பத்திலிருந்து பாடுகிற குழாய்க்குச் சட்டத்தில் இடமில்லை. மார்கழிக்கு இடமுண்டு. வாயால் பாடிக்கொண்டு வீதி சுற்றுகிற பஜனைக் கோஷ்டிக்கு ஆம்ப்ளிஃபயர் எதற்கு?

டெசிபல் என்றால் தராசில் வைத்த படிக்கல் மாதிரி அல்ல. மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. பத்து கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படுகிறது. நீங்களும் நானும் எதிரெதிரே நின்று பேசினால் ஏறக்குறைய 60. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபல் குறையும். ஒரு பெட்டி ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டரில் 94, நாலில் 88, எட்டில் 82, பதினாறில் 76, முப்பத்திரண்டில் 70. அந்த முப்பத்திரண்டு மீட்டருக்குள் நம் தெருவில் எத்தனை வீடு? சுவரோடு சுவர் ஒட்டிய தெரு இது. ‘டம் டம்’ என்கிற அடித்தாளம் சுவரையும் தாண்டி வரும். சன்னலைச் சாத்தினாலும் அது உள்ளே வந்து பாத்திரத்தை ஆட்டும். சத்தத்துக்கு வரப்பு கிடையாது.

இந்த விதி எங்கோ டெல்லியில் பிறந்து நம் தலையில் விழுந்தது என்று நினைக்க வேண்டாம். இதன் முக்கியமான வழக்குகளில் ஒன்று நம் சென்னையில், மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தது. ஒரு பிரார்த்தனைக் கூடம். டிரம்ஸ், கிடார், ஒலிபெருக்கி. பக்கத்துக் குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து அளந்தபோது, சத்தத்தில் சாலையில் ஓடுகிற வண்டிகளுக்கும் பங்கு இருப்பது தெரிந்தது. உயர் நீதிமன்றம் இரண்டையும் குறைக்கச் சொன்னது. கூடத்துக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பு வந்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, ஒலிபெருக்கி வைத்துத்தான் கும்பிட வேண்டும் என்றும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு ஒரு மதத்துக்கு எதிரானது என்று யாராவது நினைத்தால், அவர்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்.

2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு எதிலிருந்து தொடங்கியது தெரியுமா? ஒரு சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளானபோது உதவிக்குக் கத்தியிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பாட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அந்தச் செய்தியைப் படித்துப் பதறிய ஒருவர் போட்ட பொதுநல வழக்கு அது. பேசுகிற உரிமை உங்களுக்கு உண்டு. கேட்க விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கிற உரிமை இல்லை என்றது நீதிமன்றம்.

நீதிமன்றத்தைப் பற்றிச் சொன்னது போதும். நம் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. வேடந்தாங்கல். நாம் எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்த இடம். முன்பு நம் காஞ்சிபுரம் மாவட்டம். 2019-இல் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடனின் பெயரைச் சுமக்கிற ஊர். அந்த ஊர்தான் வேட்டையை நிறுத்தச் சொன்னது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் துப்பாக்கியால் பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரியிடம் போய் முறையிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், துப்பாக்கி வைத்திருப்பவனிடம் போய், “இங்கே சுடாதே” என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். 1798 வாக்கில் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கொடுத்து உத்தரவு கிடைத்தது. அந்தக் காலத்தில் அதற்குக் ‘கவுல்’ என்று பெயர். 1858-இல் அதை மறுபடி புதுப்பித்து வாங்கினார்கள். வனத்துறையும் வனவிலங்குச் சட்டமும் வருவதற்கு வெகுகாலம் முன்னால் நடந்தது இது.

ஏன் செய்தார்கள்? அவர்களுக்கு அதில் லாபம் இருந்தது. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் ஏரி மரங்களில் கூடு கட்டும். எச்சம் தண்ணீரில் விழும். அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் போட வேண்டியதில்லை. பறவை மிரண்டு போனால் விளைச்சல் போகும். அதனால் அமைதி காத்தார்கள். தலைமுறைகள் போனபின் அது பழக்கமாகவே ஊறிவிட்டது. தீபாவளிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் அப்படித்தான். தீபாவளியன்று ஓர் எட்டு வயதுப் பையன் பறவைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறான் என்றால், கல்யாண வீட்டில் ஒரு பொத்தானைத் திருகிக் குறைப்பது நமக்கு எவ்வளவு பெரிய தியாகம்?

பறவைக்கு வெடிச்சத்தம் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அடைகாக்கிற தாய் மிரண்டு எழுந்தால் முட்டை வெயிலில் கிடக்கும். காகம் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கும். தாய் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்புவதற்குள் கூடு காலி. வெடித்தவனுக்கு அது தெரியாது. பறவை வந்து புகாரும் கொடுக்காது. என் பக்கத்து வீட்டு நெசவாளரைப் போல.

இன்றைக்குச் சரணாலயத்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் சிலர் கையில் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. மலைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குகிற பழக்கமும் இளைஞர்களிடம் வந்திருக்கிறது, நல்ல பழக்கம். நானும் ஒருமுறை போனேன். இரவு ஒன்பதரைக்கு நாங்கள் படுத்தபோது பக்கத்துக் கூடாரத்தில் குத்துப்பாட்டு ஆரம்பமானது. பாட்டு நல்ல பாட்டுதான். எனக்கும் பிடித்த பாட்டு. ஆனால் சில்வண்டு கேட்கத்தானே மலை ஏறினேன்? பாட்டு வீட்டிலேயே கேட்குமே! போய்ச் சொன்னேன். “சாரி அங்கிள்” என்று உடனே குறைத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. அங்கே ஒரு பலகையில் யாராவது எழுதி வைத்திருந்தால் அவர்களாகவே பத்து மணிக்கு நிறுத்தியிருப்பார்கள்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அப்படி எழுதியே வைத்திருக்கிறார்கள். ரேடியோவோ ஜெனரேட்டரோ எதுவானாலும், ஐம்பது அடி தள்ளி நின்று அளந்தால் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. முகாமிடும் இடத்தில் இரவு 10 முதல் காலை 6 வரை தேவையில்லாத சத்தம் குற்றம். நம் விதியிலும் அதே பத்து, அதே ஆறு. மனிதன் தூங்குகிற நேரம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். நம் ரயில்வேயும் 2022 தொடக்கத்தில், இரவு பத்துக்கு மேல் ரயில் பெட்டியில் இயர்போன் இல்லாமல் பாட்டுப் போடுவதையும் உரக்கப் பேசுவதையும் தடுக்கச் சொல்லித் தன் ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. பூங்காவில் நடைப்பயிற்சி போகிறவர் சட்டைப் பையிலிருந்து பாடுகிற செல்போனுக்கும் இதே நியாயம்தான். உங்களுக்கு உற்சாகம் தருகிற பாட்டு, பெஞ்சில் கண் மூடி உட்கார்ந்திருக்கிறவருக்குத் தேவையில்லை.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: “அப்படியானால் மேளம் வேண்டாமா? பறை வேண்டாமா? நாகசுரம் வேண்டாமா?” கேட்க வேண்டிய கேள்வி. சத்தம் என்ற பெயரில் சிலருடைய வாத்தியத்தை மட்டும் ஒதுக்குகிற புத்தி நம்மிடம் இருந்திருக்கிறது. இன்னும் முழுதாகப் போகவில்லை. சட்டத்தை அதற்குக் கருவியாக்க விடக் கூடாது. இரவு பத்துக்கு மேல் என்றால் எல்லார் வாத்தியத்துக்கும் ஓய்வு. பகலில் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு.

வித்தியாசத்தைக் காஞ்சிபுரத்து வைகாசிப் பிரம்மோற்சவத்தில் பாருங்கள். வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் வருகிறார். நாகசுரமும் தவிலும் முன்னால் வருகின்றன. வீதிக்காகவே உண்டான வாத்தியங்கள். அவற்றின் சத்தம் சாதாரணமானதல்ல. ஆனால் பெருமாள் நகர்ந்துகொண்டே இருக்கிறார். உங்கள் வாசலுக்கு வருகிறார், கற்பூரம் காட்டுகிறீர்கள், அடுத்த வாசலுக்குப் போய்விடுகிறார். மேளமும் கூடவே போய்விடுகிறது. தவில்காரருக்குக் கை வலிக்கும், நாகசுரக்காரருக்கு மூச்சு வாங்கும். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார்கள். பறை அடிக்கிறவரும் நெருப்பில் தோலைக் காய்ச்சுகிற நேரத்துக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். மனிதன் எழுப்புகிற சத்தத்துக்கு மனித உடம்பே ஓர் எல்லை வைத்திருக்கிறது. கம்பத்தில் கட்டிய குழாய் நகராது, அதற்கு மூச்சு வாங்காது, தாகம் எடுக்காது. கரண்ட் இருக்கிறவரை கத்தும். அதனால்தான் மேளத்துக்கு நம் முன்னோர் விதி எழுத வேண்டி வரவில்லை. குழாய்க்கு நாம் எழுத வேண்டியிருக்கிறது.

ஊர் கூடி விதி எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்க்காரர்கள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனியாக வைத்து, அவற்றுக்கு யார் வரலாம், யார் வரக் கூடாது என்று கல்லில் வெட்டினார்கள். நாம் கல்லில் வெட்ட வேண்டாம். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் போதும். நம் மாநிலத்தில் இப்போது வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருகிற சபையில் மூன்று தீர்மானம் கொண்டுவாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: கூம்புக் குழாய் வேண்டாம், பெட்டி மட்டும், அதுவும் பந்தலைப் பார்த்து, தெருவைப் பார்த்து அல்ல. இரண்டு: இரவு பத்துக்கு நிறுத்தம், காலை ஆறுக்கு முன் தொடக்கம் இல்லை, கோயிலுக்கும் சரி, கல்யாணத்துக்கும் சரி, கட்சிக்கும் சரி. மூன்று: ஏரிக்கரையிலும் பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலும் ஒரு பலகை. அதில் மிரட்டல் வேண்டாம். ‘உங்கள் பாட்டு உங்கள் காதோடு’ என்று எழுதினால் போதும்.

மீறினால் 100-க்குப் போன் செய்யலாம். காவல்துறை வந்துதான் ஆக வேண்டும். ஆனால் போலீஸ் வந்து நிறுத்திய பாட்டால் இரண்டு வீட்டுக்குள் பேச்சு நின்றுபோன கதைகள் எனக்குத் தெரியும். அந்த நிலைக்குப் போக வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவு பேசினேன்.

கடைசியாக, தீர்மானம் இல்லாமலே ஒவ்வொரு வீட்டாரும் செய்யக்கூடிய ஒன்று. பத்திரிகை வைக்கப் போகிறோம் அல்லவா? பக்கத்து நாலு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கும்போதே கேட்டுவிடுங்கள்: “வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா? பிள்ளைக்குப் பரீட்சை இருக்கா? தறியில என்ன சேலை ஏறியிருக்கு?” அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் வந்து சொல்ல அவர்களுக்கு வாய் வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும். நான் அன்று கேட்கவில்லை. ஓர் அங்குலக் கோர்வை போனது.